முடிச்சுக்கு முன்னே போகும் கண்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. ராமேசுவரம் தீவில் வலை பொத்துவதைப் பார்க்க இதைவிட நல்ல காலம் கிடையாது. பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ ஒரு கொட்டகை நிழலில், வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்தபடி யாராவது உட்கார்ந்திருப்பார். தனுஷ்கோடிக்குப் போகிற அவசரத்தில் நாம் வண்டியை நிறுத்துவதில்லை. நிறுத்தினாலும் கையைப் பார்த்து, ‘என்ன வேகம்!’ என்று வியந்துவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். இந்த முறை அவர் கண்ணைப் பாருங்கள்.

‘அண்ணே, கொஞ்ச நேரம் உட்காந்து பாக்கலாமா?’ என்று கேட்டுக்கொண்டு பக்கவாட்டில் உட்காருங்கள். எதிரே நின்றால் அவருக்கு வெளிச்சம் மறையும். கைப்பேசி பையிலேயே இருக்கட்டும். முதல் பத்து நிமிடம் ஒன்றும் பிடிபடாது, பொறுமையாக இருங்கள்.

கிழிசல் அகப்பட்டதும் அவர் ஊசியை எடுக்க மாட்டார், கத்தியை எடுப்பார். ஓட்டையை அடைக்க வந்தவர் ஓட்டையைப் பெரிதாக்குவதைப் பார்த்தால் மனம் பதறும். காரணம் இருக்கிறது. நல்ல வலையில் ஒவ்வொரு முடிச்சிலும் நான்கு நூல்கள் சேரும். பொத்தத் தொடங்குவதற்கு, மூன்று நூல் மிஞ்சிய முடிச்சு ஒன்று வேண்டும்; முடிப்பதற்கு அதேபோல் இன்னொன்று. இடையில் வருகிற விளிம்பு முடிச்சுகளில் இரண்டிரண்டு நூல்தான் நிற்கவேண்டும். மிச்சத்தை அறுத்துவிட வேண்டும். ஒன்றைத் தப்பாக அறுத்தாலும் கண்ணிக் கணக்கு பிசகும். அந்த இடத்தில் வலை சுருங்கி, தண்ணீருக்குள் சரியாக விரியாது. அதனால் கத்தி வைப்பதற்கு முன் அவர் கண் கிழிசலின் ஓரத்தைச் சுற்றி வரும். மேலே ஓரிடத்தில் நிற்கும், கீழே தாவும், திரும்ப மேலே வரும். அந்தச் சில நொடிகளில் தொடக்கமும் முடிவும் தீர்மானமாகிவிடுகின்றன. இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த கணம் இதுதான். கை சும்மா இருக்கும்போதே வேலையில் பாதி முடிந்துவிடுகிறது.

பிறகு ஊசி ஓடத் தொடங்கும். இடக்கை விரல்கள் கண்ணியின் அளவைப் பிடிக்க, வலக்கை நூலைச் சுற்றி இறுக்கும். இறுக்கும்போது கண் அந்த முடிச்சில் இருக்காது, அடுத்த கண்ணிக்குப் போயிருக்கும். ஊசி அங்கே நுழைந்ததும் மறுபடி முன்னால் நகர்ந்துவிடும். முடிச்சு இறுகியதா என்பதை விரலே சொல்லிவிடுகிறது. பழகியவர் அந்த இடைவெளியில் நிமிர்ந்து உங்களிடம் ஒரு வார்த்தை பேசுவார். ஊசியை நுழைக்கும்போது பேச்சு நிற்கும். பேச்சும் மௌனமும் மாறி மாறி வருவதைக் கவனித்தாலே, கண் எப்போது தேவைப்படுகிறது என்பது உங்களுக்குப் புரிந்துவிடும்.

இது வலை வேலைக்கு மட்டும் உரியதல்ல. 1999-இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் லேண்டும் அவர் குழுவினரும், தேநீர் போடுகிறவர்களின் தலையில் சிறு கேமராவைப் பொருத்தி, கண் போகும் இடங்களைப் பதிவு செய்தார்கள். கெட்டிலானாலும் கோப்பையானாலும், கை போவதற்குச் சுமார் அரை நொடி முன்பே கண் அங்கே போயிருந்தது. கை வேலையை முடிப்பதற்குள் அடுத்த பொருளுக்குத் தாவியும் விட்டது. 2001-இல் சுவீடனில் ரோலண்ட் யோஹான்சன் குழு, ஒரு சிறு கட்டையை எடுத்துத் தடையைச் சுற்றி நகர்த்தச் சொல்லிப் பார்த்தது. தொடவேண்டிய இடத்தையும் இடித்துவிடக்கூடிய முனையையும் பார்த்தார்களே தவிர, யாரும் தங்கள் கையைப் பார்க்கவில்லை. கொட்டகையில் புதிதாகப் பழகும் பையன் இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். அவன் கண் தன் விரலிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

கண் ஏன் இப்படித் தாவுகிறது? கையை நீட்டிக் கட்டைவிரலைப் பாருங்கள். ஏறக்குறைய அந்த நகத்தின் அகலம்தான் நமக்கு மிகத் தெளிவாகத் தெரிகிற பகுதி. அதைத் தாண்டினால் தெளிவு குறைந்துகொண்டே போகும். ஆகவே நொடிக்கு மூன்று தடவை போலக் கண் இடம் மாறுகிறது. மாறும் நேரத்துக் காட்சியை மூளை அடக்கிவிடுகிறது. கண்ணாடி முன் நின்று உங்கள் இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். கண் அசைவது பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. அதனால் வலை பொத்துகிறவரிடம் ‘எங்கே பார்க்கிறீர்கள்?’ என்று கேட்டுப் பயனில்லை. அவருக்கே அது முழுதாகத் தெரியாது.

கண்ணும் கையும் இப்படிச் சேர்வதை வேறொரு தொழிலிலும் பார்க்க, பாம்பனில் சின்னப்பாலத்துக்கும் போய் வாருங்கள். 2015-இல் சீகாலஜி என்ற சூழல் விருது பெற்ற, கடற்பாசி எடுக்கும் லட்சுமி மூர்த்தி இந்த ஊர்க்காரர். தெற்கே மன்னார் வளைகுடாவை இந்தப் பக்கத்தில் ஆண் கடல் என்பார்கள். அங்கே இடுப்பில் வலைப்பை கட்டி, விரல்களில் துணி சுற்றி, முகக் கண்ணாடி மாட்டி முங்கிப் பாசி எடுக்கிற பெண்கள் இங்கே இருக்கிறார்கள். அந்தக் கண்ணாடி வழியே தண்ணீருக்குள் எல்லாம் கால்பங்கு கிட்டத்திலும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தெரியும். கண் காட்டிய இடத்துக்கு அப்படியே கையை நீட்டினால் பாசி எட்டாது. பலமுறை முங்கி, தவறித் தவறி, கை தானாகக் கூடுதல் தூரம் போகப் பழகுகிறது. போதாததற்கு அலை ஆளையும் பாசியையும் சேர்த்து ஆட்டும். மரிக்கொழுந்துப் பாசியையும் கஞ்சிப்பாசியையும் அந்த ஆட்டத்துக்குள்ளேயே பிரித்தறிய வேண்டும். மூச்சு தீர்வதற்குள் இத்தனையும்!

அதைப் பார்க்கக் கடலுக்குள் அவர்களைப் பின்தொடர வேண்டாம். கரையில் பாசியைக் கொட்டித் தரம் பிரிக்கும்போது ஓரமாக உட்காருங்கள். ஒரு கை கழிவை எறிந்துகொண்டிருக்கும்போதே, கண் குவியலில் அடுத்ததைப் பிடித்து வைத்திருக்கும். ஒருவர் கண்ணை மட்டும் ஐந்து நிமிடம் பாருங்கள், பிறகு கையை மட்டும் ஐந்து நிமிடம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அதன்பிறகுதான் முடியும்.

மாலையில் மறுபடி வலைக் கொட்டகைக்கு வந்துவிடுங்கள். வெளிச்சம் குறையும்போது அவர் வலையை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோவார். முடிச்சுகள் முன்போலவே இறுகும். ஆனால் ஒரு முடிச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே கை காத்திருக்கத் தொடங்கும். காத்திருப்பு நீண்டுகொண்டே போகும். கடைசியில் ஊசியை வலையிலேயே செருகிவிட்டு எழுந்து காலை உதறுவார்.