சந்து முனையில் நின்றுவிடும் கேமரா

கூகுள் மேப்ஸில் லேயர்ஸ் பட்டனைத் தட்டி ஸ்ட்ரீட் வியூவைத் தேர்ந்தெடுத்தால், படம் எடுத்த சாலைகள் மீது நீலக்கோடு விழும். மேப்மைஇந்தியா நிறுவனத்தின் மேப்பிள்ஸ் செயலியில் ரியல்வியூ என்ற பெயரில் இதே வசதி இருக்கிறது. எத்தனை கிலோமீட்டர் என்பதுதான் இவற்றுக்கு வழக்கமான அளவுகோல். 2022 ஜூலை 27 அன்று சென்னை உள்ளிட்ட 10 நகரங்களில் கூகுள் ஸ்ட்ரீட் வியூவைத் தொடங்கியபோது பெருமையோடு சொன்ன எண்ணும் 1,50,000 கி.மீ. திண்டுக்கல் போன்ற ஊருக்கு அந்தக் கணக்கு உதவாது. இங்கே இந்தச் செயலிகளிடம் கேட்க வேண்டியவை வேறு: படம் எந்த மாதத்தது, கார் நுழையாத சந்துக்குள் என்ன தெரிகிறது?

கிலோமீட்டர் மோகத்துக்குக் காரணம் இந்தத் தொழில் வளர்ந்த விதத்திலேயே இருக்கிறது. 2011இல் பெங்களூரில் கூகுளின் கார்களைக் காவல்துறை நிறுத்தியது. 2016இல் உள்துறை அமைச்சகமும் அனுமதி மறுத்தது. இடையில், 2013இல், மும்பையின் ஜெனிசிஸ் இன்டர்நேஷனல் 54 நகரங்களைக் காட்டுவோம் என்ற அறிவிப்போடு வோனோபோ என்ற சொந்தத் தளத்தைத் தொடங்கியது. இன்று அந்தப் பெயரை நினைவில் வைத்திருப்பவர்கள் சொற்பம். 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட புவியிடத் தரவு விதிகள், தெருக்காட்சிப் படமெடுப்பை இந்திய நிறுவனங்களுக்கு மட்டுமே திறந்துவிட்டன. அதன்பின் ஜெனிசிஸும் டெக் மஹிந்திராவும் எடுக்கும் படங்களை உரிமம் பெற்றுக் கூகுள் காட்டுகிறது. சொந்தப் பெயரில் கிடைக்காத பயனர்கள் அடுத்தவர் மேப்புக்குக் கேமரா பிடித்தபோது ஜெனிசிஸுக்குக் கிடைத்தார்கள். ஆனால் கருவி கூரையில் கேமரா வைத்த கார்தான். கார் ஓடிய தூரம்தான் சரக்கு. சந்துக்கு அந்தக் கணக்கில் எடையே இல்லை.

நான்குவழிச் சாலைக்கு இந்தக் கருவி அருமையானது. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு லாரி அனுப்புகிறவருக்கு, சென்டர் மீடியன் எங்கே திறக்கிறது, சர்வீஸ் ரோடு எங்கே பிரிகிறது என்பதை மேப்பின் வெறும் கோடு சொல்லாது, படம் சொல்லும். ஆனால் நாகல்நகர், நல்லாம்பட்டி பக்கத்துப் பூட்டுப் பட்டறையைத் தேடும் வெளியூர் வியாபாரிக்கு நிலைமை தலைகீழ். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு, பெரும்பாலும் பெயர்ப்பலகைகூட இல்லாத வீட்டுப் பட்டறைகளில் உருவாகிறது. கார் தெருமுனையோடு திரும்பிவிடும். நுழைந்தாலும் சிக்கல் தீராது. சுற்றிலும் பார்க்கும் அகல லென்ஸ் குறுகிய தெருவைக் கண்ணுக்கு அகலமாக்கிக் காட்டும்; அதை நம்பி மினி லாரியை உள்ளே விட்டால் ரிவர்ஸில்தான் வர வேண்டும். பல லென்ஸ் படங்களை ஒட்டித் தைப்பதால், சுவர் மிக அருகில் இருக்கும் இடங்களில் கதவும் ஜன்னலும் தையலில் உடைந்து நிற்கும். தேதியையும் பார்த்தாக வேண்டும். கூகுள் மாதத்தையும் ஆண்டையும் காட்டுவது பெரிய நன்மை, ஆனால் சின்ன எழுத்தில் ஒதுக்கிவிடுகிறது. கடைகள் கைமாறிக்கொண்டே இருக்கும் கடைவீதியில் அது படத்தின் நெற்றியிலேயே இருந்திருக்க வேண்டும்.

சந்துக்குள் கேமரா வரவே கூடாது என்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு. முகத்தையும் வண்டி நம்பரையும் மங்கலாக்கினாலும் திண்ணையும் கொடியில் காயும் துணியும் அப்படியே தெரியும். ஜப்பானில் மதிலுக்கு மேலாக வீட்டுக்குள் தெரிகிறது என்று புகார் எழுந்ததும், 2009இல் கூகுள் கேமராவை 40 செ.மீ. இறக்கி மறுபடி எடுக்க ஒப்புக்கொண்டது. ஆகவே இதற்குத் தீர்வு உயரத்திலும் முன்னறிவிப்பிலும் இருக்கிறது. சந்துகளையே மேப்பிலிருந்து விலக்குவதில் இல்லை. வீட்டை மங்கலாக்கக் கேட்கும் வசதி கூகுளில் இருக்கிறது. ஒருமுறை மங்கலாக்கினால் திரும்பப் பெற முடியாது, அது வேறு விஷயம். போன் போட்டுக் கேட்டால் ஆள் வந்து கூட்டிப்போவாரே, எதற்குப் படம் என்பது இன்னொரு வாதம். ஊர்க்காரருக்கு அது சரி. போனை எடுக்க ஆளில்லாத நேரத்தில் சரக்கோடு நிற்கும் டெலிவரி பையனுக்கு அது பதிலாகாது.

லாபமில்லாத சந்துக்கு நிறுவனம் ஏன் வர வேண்டும் என்ற கேள்விதான் கடினமானது. வராது என்றே வைத்துக்கொள்ளலாம். பொதுமக்களே படமெடுத்து ஏற்றக் கூகுள் வைத்திருந்த தனி ஸ்ட்ரீட் வியூ செயலியும் 2023 மார்ச்சில் மூடப்பட்டது. மிச்சமிருப்பதில் கைக்கு எளியது மேப்பிலரி: ஸ்வீடனில் 2013இல் தொடங்கிய இதை 2020இல் பேஸ்புக் வாங்கியது. சாதாரண போனோடு நடந்தே எடுக்கலாம், முகங்களை அதுவே மறைக்கும், படங்களைப் பிறரும் பயன்படுத்தத் திறந்த உரிமம் தரும். உரிமையாளர் பெருநிறுவனம் என்ற உறுத்தல் இருந்தாலும், பூட்டு வியாபாரிகள் தங்கள் தெருக்களை எடுத்துப்போட இன்றைக்கு அதுவே தோது. லாரிக்காரர்கள் கூகுளிலேயே இருக்கலாம். வாசல்வரை முகவரி சொல்ல வேண்டியவர்கள் மேப்பிள்ஸ் ஒவ்வோர் இடத்துக்கும் தரும் ஆறெழுத்துக் குறியீட்டை (மேப்பிள்ஸ் பின்) விசிட்டிங் கார்டில் அச்சடித்துக்கொள்வது நல்லது. அதற்குப் படமே வேண்டாம்.