வரலாற்று நாவலும் சொற்பயிற்சியும்: புத்தளக் கரையிலிருந்து ஒரு நோக்கு

சிறுவர்க்கு மொழி கற்பிப்பதில் வரலாற்று நாவல் சிறந்த துணை என்னும் கருத்து நம்மிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. கதையின் ஈர்ப்பினால் இளம் வாசகன் பக்கங்களைக் கடந்து செல்லும்பொழுது, அன்றாட வழக்கில் இல்லாத பல நூறு சொற்கள் அவனறியாமலே அவனை வந்தடைகின்றன என்பதே இக்கருத்தின் அடிப்படையாகும். இதனை மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயின் அச்சொற்கள் யாருடைய சொற்கள், எத்தகைய சமூக உறவுகளைச் சுமந்துகொண்டு அவை மாணவனிடம் வருகின்றன என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. புத்தளம் மாவட்டக் கரையோரத்தைக் களமாகக் கொண்டு அவ்வினாவை இங்கு எழுப்ப விழைகின்றோம்.

இக்கரையைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. தமிழ்ச் சொல்லின் வாழ்வும் சாவும் இங்கு ஏட்டுப் பிரச்சினையல்ல. சிலாபத்திற்குத் தெற்கே நீர்கொழும்பு வரையுள்ள கத்தோலிக்க மீனவ ஊர்களிற் பல, இருபதாம் நூற்றாண்டில் தமிழிலிருந்து சிங்களத்துக்கு மாறின. பாடசாலை மொழி மாறியமை இதில் வகித்த பங்கு பெரிது. வடக்கே உடப்பு, கற்பிட்டி முதலிய ஊர்களில் இந்துக்களும் முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் தமிழைப் பேசி வருகின்றனர். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களிற் பெரும்பகுதியினர் இம்மாவட்டத்திலேயே தஞ்சம் புகுந்தனர். இதனால் மன்னாரினதும் யாழ்ப்பாணத்தினதும் வழக்குகள் புத்தள வழக்கோடு ஒரே வகுப்பறையில் வந்தமர்ந்தன. இத்தகைய வகுப்பறையில் ‘எது நல்ல தமிழ்?’ என்ற கேள்விக்கு ஆசிரியர் சொல்லும் விடை, ஒரு பிள்ளையின் தன்மதிப்பையே தீர்மானிக்கக் கூடியது.

கல்கியின் நாவல்களைப் போலப் பரவலாக வாசிக்கப்படும் வரலாற்று நாவல் எதுவும் இக்கரையைக் களமாகக் கொண்டதாக இல்லை. எனவே மாணவர் கைக்கு முதலில் வருவன கல்கியின் நூல்களே. 1941இல் தொடராக வெளிவரத் தொடங்கிய ‘பார்த்திபன் கனவு’ம், 1950 முதல் 1954 வரை வெளிவந்த ‘பொன்னியின் செல்வ’னும் சிறுவர்க்கென்றே எழுதப்பட்டவையல்ல. ஆயினும் எளிய நடையினாலும் கதைப் பின்னலினாலும் அவை இளையோரின் முதல் வரலாற்று நாவல்களாக அமைந்துவிட்டன. பின்னது சுருக்கப் பதிப்புகளாகவும் சித்திரக்கதையாகவும் சிறுவரை அடைந்துள்ளது.

‘பார்த்திபன் கனவு’ தோணித்துறையிலே தொடங்குகின்றது. படகோட்டி பொன்னனும் அவன் மனைவி வள்ளியும் நமக்கு முதலில் அறிமுகமாகின்றனர். கரையோரப் பிள்ளை ஒருவன் தன் வீட்டு வாசலிலிருந்து வரலாற்றுக்குள் நுழைவதற்கு இதனினும் சிறந்த வாயில் இல்லை. ஆயின் கதை விரைவிலேயே துறையை விட்டு அரண்மனைக்குச் சென்றுவிடுகின்றது. பொன்னனின் தொழில் அரச குடும்பத்தாரைக் கரையேற்றுவதாகச் சுருங்குகின்றது. அவன் வாயிற் பிறக்கும் சொற்களிற் பெரும்பாலானவை அரச விசுவாசத்தின் சொற்களே. துடுப்பும் தோணியும் இருக்கின்றன. தோணி ஓட்டும் தொழிலின் நுட்பங்களை உரைக்கும் சொற்களோ மிகக் குறைவு. இவ்வாறு உழைப்பாளி முன்றிலில் நிற்கிறான். அவனது உழைப்பின் மொழி உள்ளே அனுமதிக்கப்படவில்லை.

இதனினும் நுண்ணிய ஒன்று வினைமுற்று விகுதியில் உள்ளது. மகாராஜா ‘கூறினார்’, படகோட்டி ‘கூறினான்’. கல்கியின் நடையில் இளம் வீரரும் ‘ஆன்’ விகுதி பெறுவர் என்பது உண்மையே. வந்தியத்தேவனைக் கதைசொல்லி நண்பனைப் போல ‘வந்தான்’, ‘போனான்’ என்றே கூறிச் செல்கிறார். ஆயின் வீரனுக்கு அது இளமையும் நெருக்கமும் தரும் உரிமை. படகோட்டிக்கோ பிறப்பும் தொழிலும் விதித்த நிலை. அரசன் ‘எழுந்தருளுவதும்’ ஏவலாள் ‘வந்து நிற்பதும்’, அரசன் ‘விண்ணுலகு எய்துவதும்’ படைவீரர் ‘மடிவதும்’ நமது வரலாற்று நாவல்களின் பொது வழக்கு. சொற்பயிற்சி என்ற பெயரில் இவற்றை ஒத்த சொற்களின் பட்டியலாகக் கற்பிக்கும் ஆசிரியர், தாமறியாமலே ஒரு படிநிலைச் சமூகத்தின் ஒழுங்கையும் சேர்த்துக் கற்பிக்கிறார். தந்தை கரைவலை இழுக்கும் பிள்ளை, தந்தையைப் போன்றோர் எக்காலத்தும் ‘ஆன்’ விகுதிக்குரியோர் என்று கற்றுக்கொள்கிறான். கல்கியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த இதனைக் கூறவில்லை. நிலவுடைமைச் சமுதாயத்தின் உறவுகள் இலக்கணத்தினுள்ளே உறைந்து கிடப்பதை மாணவர்க்குக் காட்டுவதற்கு அவரது நாவல்களே சிறந்த பாடப்பொருள் என்பதே நமது கருத்தாகும்.

‘பொன்னியின் செல்வ’னில் வரும் பூங்குழலி இவ்வகையில் நமது கவனத்துக்குரியவள். கோடிக்கரைக் கலங்கரை விளக்கக் காவலரின் மகளான அவள் படகு வலிக்காவிட்டால் வந்தியத்தேவன் ஈழக்கரை சேர முடியாது. அரசவைச் சொற்களில் வல்லவனான வீரன் கடலில் ஒன்றுமறியாதவனாகிறான். காற்றையும் சுழியையும் புதைசேற்றையும் அறிந்தவள் அவளே. உழைப்பினாற் பெற்ற அறிவு கதையை நடத்தும் ஆற்றலாகும் இவ்விடங்களில், கடற்சொற்கள் அலங்காரமாக நில்லாது செயலின் உறுப்பாக நிற்கின்றன. அதனாலேயே அவை மனத்திற் பதிகின்றன. ஒரு சொல் எப்பொழுது கற்கப்படுகின்றது என்ற வினாவுக்கு நாவலே இங்கு விடை தருகின்றது.

அவ்விடையைச் சோவியத் உளவியலாளர் வைகோட்ஸ்கி தமது ‘சிந்தனையும் மொழியும்’ என்னும் 1934ஆம் ஆண்டு நூலிலே கோட்பாடாக விளக்கினார். குழந்தை அன்றாட வாழ்விற் பெறும் கருத்துக்கள் கீழிருந்து மேல் நோக்கியும், பாடசாலை தரும் முறைசார் கருத்துக்கள் மேலிருந்து கீழ் நோக்கியும் வளர்கின்றன. இரண்டும் சந்திக்குமிடத்திலேயே உண்மையான கற்றல் நிகழ்கின்றது என்பது அவர் முடிபு. நமது பாடநூல்களில் பாடத்தின் இறுதியில் இடம்பெறும் ‘அருஞ்சொற்பொருள்’ இச்சந்திப்புக்கு வழிவிடுவதில்லை. ஒரு சொல்லுக்கு எதிரே இன்னொரு சொல்லை வைத்து, நாணயம் மாற்றுவது போல் மாற்றித் தருகின்றது. மாணவன் பரீட்சை மண்டபத்தில் அதனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறுங்கையுடன் வீடு திரும்புகிறான்.

மேனாட்டிலும் இப்பிரச்சினை எழுந்ததுண்டு. ஸ்ரீவன்சன் ‘கறுப்பு அம்பு’ என்ற தமது சிறுவர் வரலாற்று நாவலை 1883இல் தொடராக எழுதியபொழுது, பழைய வியப்புச் சொற்களைத் தூவிப் பழமைத் தோற்றம் காட்டும் அந்நடையை ‘டஷரி’ என்று தாமே எள்ளினார். 1934இல் ஜெஃப்ரி ட்ரீஸ் என்ற இடதுசாரி எழுத்தாளர், ரொபின் ஹூட் கதையை ஒடுக்கப்பட்ட குடியானவரின் நோக்கில் மீட்டெழுதினார். அதில் அப்போலிப் பழமையைக் களைந்து, கதைமாந்தரைத் தெளிவான தற்கால மொழியிற் பேசவைத்தார். பார்வை மாறியபொழுது சொல்லும் மாறியமை மனங்கொள்ளத் தக்கது. வரலாற்று நாவல் பற்றி 1937இல் விரிவாக ஆராய்ந்த லூக்காச்சும், கடந்த காலத்தின் உயிர் பழஞ்சொற்களின் குவியலில் இல்லை என்றும், மக்கள் வாழ்வின் இயக்கத்தைப் புலப்படுத்துவதிலேயே அது உள்ளது என்றும் வற்புறுத்தினார்.

இனி நமது கரைக்கு மீள்வோம். இங்கு வழங்கும் சொற்களே வரலாற்று ஆவணங்கள். முத்துக்குளிப்பைக் குறிக்கும் ‘சலாபம்’ என்னும் சொல்லோடு ‘சிலாபம்’ என்ற ஊர்ப்பெயரை அறிஞர் தொடர்புபடுத்துவர். நீர்நிலை கடலைத் தொடும் வாயைக் குறிக்கும் ‘தொடுவாய்’ அதன் அயலிலே ஊர்ப்பெயராயிற்று. அவ்வூரார் இன்று சிங்களம் பேசுவோர். பெயர் ‘தொடுவாவ’ என்று அவர்கள் நாவில் வாழ்கின்றது. மொழி மாறிய பின்னும் தொழில் தந்த சொல் நிலைத்துவிட்டது. புத்தளத்தில் உப்பு ‘விளைகின்றது’. அளத்தில் ‘பாத்தி’ கட்டுகின்றனர். வயலின் வினையும் பெயரும் உப்பளத்துக்கு வந்தமை, உழவும் உப்பும் ஒரே உழைப்புலகின் இரு முகங்கள் என்பதைக் காட்டும். சங்க இலக்கியத்தில் வண்டிகளில் உப்பேற்றிச் சென்ற ‘உமணர்’ மாணவனுக்கு வெறும் அருஞ்சொல். புத்தளத்து உப்பை மலைநாட்டுக்கு ஏற்றிச் சென்ற பொதிமாட்டுத் ‘தவளம்’ பற்றிக் கூறினால் அச்சொல் உயிர்பெறும். ‘தவலம’ எனச் சிங்களத்திலும் வழங்கும் இச்சொல், இரு மொழி மக்களும் ஒரே பாதையில் நடந்தமைக்குச் சான்று. ‘மீன்பாடு’ என்ற வழக்கை அறிந்த பிள்ளைக்குப் ‘பாடுபடுதல்’ என்ற தொடரை விளக்க அகராதி தேவையில்லை.

இவற்றை உள்ளடக்கிய சிறுவர் வரலாற்று நாவல் ஒன்று எழுதப்படுவதற்குக் கதைப்பொருள் குறைவன்று. 1344இல் இப்னு பதூதா இக்கரையில் இறங்கியபொழுது ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டதையும், ஆறுகள் அடித்துவந்த கறுவா மரங்கள் கரையிற் குவிந்து கிடந்ததையும் எழுதி வைத்துள்ளார். அம்மரங்களைக் கப்பலேற்றிய கைகள் யாருடையவை என்று கேட்டால் அங்கே ஒரு நாவல் தொடங்கும். 1667இல் கற்பிட்டியில் ஒல்லாந்தர் கோட்டை கட்டத் தொடங்கினர். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையினால் கண்டி அரசு தன் கரையோரம் முழுவதையும் அவர்களிடம் இழந்தது. உப்பு வழி அடைபட்டபொழுது தவளக்காரன் வீட்டிலும் மலைநாட்டுக் குடியானவன் அடுப்பிலும் நிகழ்ந்தது என்ன? கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இல் வெளியிட்ட ‘சிலோன் கசெற்றியர்’ இத்தகைய ஆக்கத்துக்கு வேண்டிய இடவிவரங்களைத் தருவதொன்று. அதனைத் தொகுத்தவர் இக்கரையின் மைந்தர் என்பதை இங்குள்ள மாணவர் அறிதல் வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். ஊர்ச்சொல்லே போதும், நூற்சொல் வேண்டாம் என்பது முற்போக்கான நிலைப்பாடன்று. வட்டார வழக்கை மட்டுமே அறிந்தவனின் உலகநோக்கு அவ்வட்டாரத்தோடு குறுகிவிடும் அபாயத்தைக் கிராம்சி சிறைக் குறிப்புகளிலே சுட்டிக் காட்டியுள்ளார். நூற்றமிழை மீனவர் பிள்ளைக்கு மறுப்பது, பல்கலைக்கழகத்தையும் நிர்வாகத்தையும் நீதிமன்றத்தையும் அவனுக்கு மறுப்பதாகும். ‘களப்பு’ என்று நாம் வழங்குவதைத் தமிழகத்து நூல் ‘காயல்’ என்னும். சங்கச் செய்யுள் ‘கழி’ என்னும். மூன்றையும் அறிந்து, எதனை எங்கு வழங்குவது என்று தேர்ந்துகொள்ளும் உரிமையே சொல்வளம். அவ்வுரிமையின் தொடக்கம் தன் சொல்லைக் குறித்து வெட்கமுறாமை.

ஆகவே வகுப்பறையிற் செய்யத்தக்கது எளியது. நாவலின் ஒரு பகுதியை வாசித்த பின், அருஞ்சொற்பொருளுக்கு முன்னதாக மூன்று வினாக்களை ஆசிரியர் எழுப்பலாம்: இச்சொல்லைக் கதையிற் சொல்பவர் யார்? இதற்கு நம் வீட்டில் வழங்கும் சொல் யாது? இக்காட்சியிற் பேசாது நிற்பவர் பேசினால் எச்சொல்லைக் கூறுவர்? மூன்றாவது வினாவுக்கு உடப்புப் பிள்ளை, வலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடலிலிருந்து ஒரு சொல்லையும், கற்பிட்டிப் பிள்ளை களப்பிலிருந்து ஒரு சொல்லையும், பாட்டனார் மன்னாரிலிருந்து கொண்டுவந்த சொல்லை இன்னொரு பிள்ளையும் கூறக்கூடும். அன்று பொன்னனின் தோணி அரச குடும்பத்துக்காக மட்டும் துறையிற் காத்து நில்லாது. சிலாபத்துக்குத் தெற்கே ஒரு தலைமுறை பாடசாலை வாசலிலேயே தன் சொற்களை இறக்கி வைத்துவிட்டு உள்ளே சென்றது. வடக்கேயும் அது நிகழாதிருத்தல், நாம் எந்த நாவலைக் கொடுக்கிறோம் என்பதைக் காட்டிலும் அதனை எவ்வாறு வாசிக்கக் கற்பிக்கிறோம் என்பதிலேயே தங்கியுள்ளது.