ரகுவைக் கூட்டிப்போனது யார்?

‘தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்’ படத்தை மூன்று தடவை பார்த்துவிட்டேன். முதல் இரண்டு தடவை கோரிமேட்டில், வீட்டில், லேப்டாப்பில். இரண்டு தடவையும் அழுதேன். முதுமலைக்குப் போய்வந்த பிறகு மறுபடி பார்த்தபோது எரிச்சலாக இருந்தது.

சும்மா சொல்லக்கூடாது, கார்த்திகி கோன்சால்வ்ஸுக்குப் பொறுமை அதிகம். பொம்மனும் பெள்ளியும் குட்டியானையை வளர்க்கும் பாங்கில் ஒரு இடத்தில்கூட நடிப்பு தெரியாது. என் சிக்கல் ஒரே ஒரு திருப்பத்தில்தான். கொஞ்சம் வளர்ந்ததும் ரகுவை இவர்களிடமிருந்து வாங்கி வேறு ஆளிடம் கொடுத்துவிடுகிறார்கள். முடிவெடுத்தது வனத்துறை. ஆனால் படம் அதை விதி மாதிரி காட்டுகிறது: வெயில் அடித்தது, மழை பெய்தது, ரகுவைக் கூட்டிப்போனார்கள். ஏன் என்று யாரையும் கேட்பதில்லை. பெள்ளியின் முதல் கணவரைப் புலி கொன்றது என்கிற செய்தியும் இப்படித்தான், வந்த வேகத்தில் போய்விடுகிறது.

தெப்பக்காடு முகாமில் நின்றால் அரசு கண்ணில் படாமல் இருக்காது. டிக்கெட், தடுப்புக்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் ராகிக் களி உருண்டைக்குக் காத்திருக்கும் யானைகள், காக்கி உடுப்பில் பாகன்கள். 1940இல் சரணாலயம், 2007இல் புலிகள் காப்பகம். காட்டுநாயக்கர்கள் எங்கே குடியிருப்பது, எதுவரை தேனெடுக்கப் போவது எல்லாமே யாரோ ஒருவர் கையெழுத்தில் தொங்குகிறது. கிராமசபை எழுத்தில் சம்மதிக்காமல் இடம் மாற்றக்கூடாது என்று 2006 வன உரிமைச் சட்டம் சொல்கிறது. அந்தப் பக்கம் கர்நாடகத்தில், பிலிகிரி ரங்கன் மலையின் சோளகர்கள் 2011இல் புலிகள் காப்பகத்துக்குள்ளேயே சமூக வன உரிமை வாங்கினார்கள். படத்தில் தேனெடுக்கும் காட்சி எந்த ஆண்டில் நடக்கிறது என்றே தெரியாது. காலமே இல்லாத காடு அது. பார்க்க அழகாக இருக்கும், அங்கே யாருக்கும் உரிமை கேட்கத் தோன்றாது.

நாற்பது நிமிடப் படத்தில் இவ்வளவு எதிர்பார்க்கலாமா என்று நண்பன் கேட்டான். எனக்கு ஒரு கேள்வி போதும்டா என்றேன். ரகுவைக் கொடுக்கச் சொன்னபோது உங்களிடம் கேட்டார்களா என்று பெள்ளியிடம் கேட்டிருக்கலாம்.

2023 மார்ச்சில் படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. ஆகஸ்டில் முதலமைச்சர் பெள்ளிக்கு ஒரு பணி ஆணை கொடுத்தார்: மாநிலத்தின் முதல் பெண் காவடி, தற்காலிகம். நாற்பது நிமிடமும் அவர் செய்ததாக நாம் பார்த்தது அந்த வேலையைத்தான்.