தர வழிகாட்டியில் இல்லாத சண்டை

பிரிட்டனில் பல்கலைக்கழகப் படிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் தர வழிகாட்டிகளை எழுதுவது யாரு? அதிகாரிகள்தான் என்று நினைப்போம். பெரும்பாலும் அங்கே பாடம் நடத்துகிறவர்கள், நிர்வாகத்தில் இருப்பவர்கள், மாணவர் பிரதிநிதிகள்தான் எழுதுகிறார்கள். 1997இல் தொடங்கிய தர உறுதி முகமை (கியூஏஏ) ஆள் கேட்கும். இவர்கள் தங்கள் வேலைக்கு நடுவே தன்னார்வமாக வந்து எழுதித் தருவார்கள். நல்ல ஏற்பாடு. நூற்றைம்பது விடைத்தாளைத் திருத்தியவருக்குத்தானே அதன் கஷ்டம் தெரியும்.

ஆனால் அந்தக் கஷ்டம் எழுத்தில் வந்திருக்கிறதா? அங்கேதான் எனக்கு மனக்குறை.

2018 திருத்தத்தில் தர விதித்தொகுப்பு சில பக்கங்களாகச் சுருங்கியது. விளக்கமெல்லாம் 12 தலைப்புகளில் தனி ஆலோசனைக் குறிப்புகளாக வந்தது. மதிப்பீடு பற்றிய குறிப்பை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதில் பத்துக் கொள்கைகள். மதிப்பீடு நியாயமா இருக்கணும், எல்லாரையும் உள்ளடக்கணும், கற்றலுக்கு உதவணும், காலத்தோடு முடியணும், சமாளிக்கக்கூடிய அளவில் இருக்கணும்... ஒவ்வொன்றாகப் படித்தால் மறுக்க ஒன்றுமே இல்லை. சிக்கல் என்னவென்றால், இவை ஒன்றோடொன்று முட்டிக்கொள்பவை. பல பல்கலைக்கழகங்களில் 15 அல்லது 20 வேலை நாளுக்குள் தாள்களைத் திருத்தித் தர வேண்டும். அதற்குள் நூற்றைம்பது கட்டுரைகளுக்கும் மாணவருக்குப் பயன்படுகிற மாதிரி கருத்து எழுத முடியுமா? முடியாதபோது எதை விட்டுக்கொடுப்பது, வேகத்தையா, கருத்தையா? ஆசிரியர் தேடி வருவது இந்தப் பதிலைத்தான். பத்துக் கொள்கைகளும் பக்கத்தில் பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்திருக்கின்றன, கல்யாண வீட்டுக் குரூப் போட்டோ மாதிரி.

இப்படி ஆவதற்குக் காரணம் எழுதியவர்களின் திறமைக்குறைவு இல்லை. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து நான்குக்கும் அது பொருந்தணும். பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகமும் சின்னக் கல்லூரியும் தலையாட்டணும். யாராவது ஓர் எண்ணைச் சொன்னால் இன்னொருவர், "எங்களுக்கு ஒத்துவராது" என்பார். எண் போய்விடும், பொதுவான வாக்கியம் மிஞ்சும். இதோடு இன்னொன்று: தன்னார்வமாக வர யாருக்கு நேரம் இருக்கும்? நிரந்தர வேலையில் இருப்பவர் துறைத்தலைவரிடம் சொல்லிவிட்டு வரலாம். மணிக்கணக்கில் சம்பளம் வாங்கும் ஆசிரியருக்கு, கூட்டத்தில் உட்கார்ந்த நேரம் சம்பளமில்லாத நேரம். விடைத்தாள் திருத்தும் வேலையில் பெரும்பங்கு அவர் தலையில் விழுகிற துறைகளும் உண்டு.

குறிப்பில் வராத சண்டை 2023இல் தெருவுக்கே வந்தது. சம்பளம், வேலைப்பளு, நிலையில்லாத ஒப்பந்தங்கள் இவற்றை முன்வைத்து யூசியூ சங்கம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மதிப்பீட்டுப் புறக்கணிப்பு நடத்தியது. இறுதி மதிப்பெண் வராமலே காத்திருந்த மாணவர்கள் ஏராளம். சமாளிக்கக்கூடிய அளவு என்பது யாருக்கு, எத்தனை மணி நேரம் என்ற கேள்வியும் அந்தச் சண்டைக்குள் இருந்தது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இங்கிலாந்தில் இந்த விதித்தொகுப்புக்குப் பழைய கட்டாய பலம் இப்போது இல்லை. ஒழுங்குமுறை அமைப்பான ஆபிஸ் ஃபார் ஸ்டூடன்ட்ஸ் தன் சொந்த நிபந்தனைகளை வைத்துக்கொண்டது. 2023 மார்ச்சோடு கியூஏஏ அங்கே அதிகாரபூர்வத் தர அமைப்பாக இருப்பதிலிருந்து விலகியது. கட்டாயம் இல்லாத எழுத்து கொஞ்சம் துணிச்சலாக இருக்கலாமே! 2024 பதிப்பு 12 கொள்கைகளோடு வந்தது. படிக்க இன்னும் எளிது, ஆனால் அதே வழவழப்பு.

அதற்காக இந்த வேலைக்கு யாரும் போகவேண்டாம் என்று சொல்லமாட்டேன், போகத்தான் வேண்டும். போகிறவர் ஒன்று கேட்கலாம்: குழு எதில் ஒத்துப்போகவில்லை என்பதையும் ஒவ்வொரு தலைப்பின் கீழும் ஒரு பத்தி அச்சிடுங்கள். ஆள் கேட்கும் முகமையும் மணிக்கணக்கு ஆசிரியருக்கு அந்தக் கூட்ட நேரத்துக்கான சம்பளத்தைக் கொடுக்கட்டும்.