குருவிட்டவின் சிறு துண்டுகள்

குருவிட்ட மண்ணில் கிடைத்த இரண்டே இரண்டு பற்களை வைத்துக்கொண்டு, இலங்கையில் ஒரு காலத்தில் சிங்கம் உலவியது என்று சொன்னார் போல் தெரணியகல. 1939இல் அவர் அதற்கு இட்ட பெயர் பாந்தெரா லியோ சிங்ஹலேயுஸ். எலும்புக்கூடு இல்லை, மண்டையோடு இல்லை. பல் எவ்வளவு ஒடுங்கியிருக்கிறது என்று அளந்து பார்த்தே, இது இன்றைய சிங்கத்திலிருந்து வேறான வகை என்ற முடிவுக்கு வந்தார். இரண்டு பல் ஓர் இனத்துக்குப் போதுமா என்று கேட்கலாம். எனக்கோ அந்தப் பற்களை ஒருவர் பொறுக்கி எடுத்துக் கழுவி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்த அந்தப் பார்வைதான் பெரிதாகப் படுகிறது. மாணிக்கம் தேடுகிறவர்கள் கழித்துப்போடும் சரளைக்குள்ளிருந்து நீர்யானையையும் காண்டாமிருகத்தையும் அவர் மீட்டெடுத்தார். இன்றைக்கு இந்தத் தீவில் இரண்டுமே இல்லை. இரத்தினபுரிப் படிவுகள் என்று அறிவியல் உலகம் அறிந்திருப்பது, நம் ஊர்க் குழிகளின் அடிமண்ணைத்தான்.

தெரணியகல குடும்பத்தைப் பற்றித் தமிழில் அதிகம் எழுதப்படாதது எனக்கு வருத்தம். பாட்டனார் சேர் போல் பீரிஸ் நீதிபதி, வரலாற்றாசிரியர். யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய காலத்தில் கந்தரோடையின் தொன்மையை ஆராய்ந்து, 1910களின் இறுதியில் கட்டுரைகளாக வெளியிட்டவர். மகன் போல் தெரணியகல 1939 முதல் 1963 வரை தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளர். இன்னொரு மகன் ஜஸ்டின், ‘43 குழு’ ஓவியர்களில் ஒருவர். பேரன் சிரான் உபேந்திர தெரணியகல 1942இல் பிறந்தார். கேம்பிரிட்ஜில் கட்டடக்கலையும் சமஸ்கிருதமும் படித்தார். பிறகு லண்டனில் தொல்லியல். 1968இல் தொல்பொருள் திணைக்களத்தில் சேர்ந்தார். 1992இலிருந்து 2001 வரை அதன் பணிப்பாளர் நாயகம். 2021 ஒக்டோபரில் காலமானார்.

பதவிகளை இத்தோடு விடுகிறேன். நான் நின்று பார்க்க விரும்புவது பட்டதொம்பலெனவில்.

குருவிட்டவிலிருந்து எரத்னவுக்குப் போகும் பாதை சிவனொளிபாதமலைக்கு ஏறுகிறவர்களுக்குப் பழக்கமானது. அந்த மலையடிவாரக் காட்டுக்குள், பாறை கவிந்து நிற்கும் ஒரு குகை அது. வெளியே மழை, அட்டை, ஈரம். உள்ளே பல்லாயிரம் ஆண்டுகளாக மழை படாத மண். தந்தை போல் தெரணியகல முன்பே கைவைத்த குகையை 1970களின் இறுதியில் மகன் சிரான் மறுபடி தோண்டத் தொடங்கினார். தந்தை தேடியது எலும்பை. மகன் தேடியது படையை. எந்தப் பொருள் எந்த மண்படையில், எதன் மேல், எதன் கீழ் கிடந்தது என்பதில்தான் சிரானின் கவனம் முழுவதும் இருந்தது. கட்டடக்கலை படித்தவருக்கு அடித்தளத்திலிருந்து மேலே பார்க்கும் பழக்கம் இயல்பாக வந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

மாணிக்கக் குழியில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. பலகையும் பன்னத் தழையும் கொடுத்து இறக்கிய குழியிலிருந்து ‘இல்லம்’ எனப்படும் மாணிக்கச் சரளையை மேலே ஏற்றி, அகன்ற கூடையில் போட்டு, தண்ணீரில் சுழற்றிச் சுழற்றி அரிப்பார்கள். சேறு கரைந்து போகும், பாரமான கல் அடியில் தங்கும். கடைசியில் ஒருவர் கூடையை வெயில் பக்கம் சாய்த்து, விரலால் மெல்ல ஒதுக்கிப் பார்ப்பார். குகை மண்ணையும் அப்படித்தான் சலிக்கிறார்கள். ஆனால் அங்கே தங்குவது நீலமோ புஷ்பராகமோ அல்ல. சாதாரணப் பளிங்குக்கல் சில்லு, தீய்ந்த கொட்டை ஓடு, நத்தை ஓடு, அணிலின் தாடை.

அந்தச் சில்லைக் கொஞ்சம் அருகில் வைத்துப் பார்ப்போம். நான்கு சென்ரிமீற்றருக்கும் குறைவு. பலது விரல் நகத்தளவுதான். சிலது பிறை வடிவம், சிலது முக்கோணம், சிலது சரிவகம். பிறையின் நேர்விளிம்பு கத்திபோல் கூரானது. வளைந்த முதுகை மட்டும் சின்னச் சின்னக் கொத்துகளால் வேண்டுமென்றே மழுங்கடித்திருக்கிறார்கள். அந்த முதுகுதான் மரத்தண்டில் பொருந்தும் பக்கம். மழுங்காவிட்டால் பிடித்த தண்டையே பிளந்துவிடும். பளிங்குக்கல் சொன்னபடி உடையாத கல், நினைத்த கோட்டில் போகாது. அந்தக் கல்லில் இத்தனை சிறிய பிறையை மறுபடி மறுபடி ஒரே அச்சில் எடுத்திருக்கிறது ஒரு கை. தச்சனின் உளியையும் தட்டானின் குறட்டையும் மெச்சுகிற நாம் இந்தக் கையையும் மெச்சத்தான் வேண்டும்.

ஐரோப்பாவில் இவ்வகை நுண்கற்கருவிகள் ஏறத்தாழ 12,000 ஆண்டுப் பழைமை கொண்டவை என்பதுதான் அப்போது பாடநூல் சொன்ன கணக்கு. பட்டதொம்பலெனக் கரியைக் காபன் காலக்கணிப்புக்கு அனுப்பியபோது வந்த விடை அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்: ஏறத்தாழ 28,000 ஆண்டுகளுக்கும் முந்தியது. இப்படி ஒரு எண் கையில் கிடைத்தால் உடனே பறைசாற்றத் தோன்றும். சிரான் அந்த ஒரு குகையோடு நிற்கவில்லை. கித்துல்கல பெலிலெனக் குகையிலும் தெற்கே பூந்தல கடலோர மணலிலும் கிடைத்த சான்றுகளைப் பக்கத்தில் வைத்தார். மூன்று இடமும் ஒரே காலத்தைச் சுட்டின. இரண்டு மழைக்காட்டுக் குகைகள், ஒரு வறண்ட கடற்கரை என்று நிலம் வேறுபட்டும் காலம் ஒத்துப்போனதால் தற்செயல் என்று தள்ளிவிட முடியவில்லை. 1992இல் அவர் வெளியிட்ட ‘இலங்கையின் வரலாற்றுக்கு முந்திய காலம்’ என்ற ஆங்கிலப் பெருநூலின் பலம் இந்தப் பொறுமையில் இருக்கிறது. ஹாவர்ட் பல்கலைக்கழகத்துக்கு அவர் கொடுத்த ஆய்வேட்டிலிருந்து வளர்ந்த நூல் அது. மழை, மண், விலங்கு, உணவு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அதில் மனிதனைப் பேசுகிறார்.

குகையின் சாப்பாட்டுக் கழிவுகள் எனக்கு இன்னும் பிடித்தவை. கெக்குண மரத்தின் கொட்டை ஓடு கரிந்து கிடைக்கிறது. காட்டுப் பலாவின் சுவடும் உண்டு. மரநத்தை ஓடுகள் குவியலாக வருகின்றன. குரங்கும் மலை அணிலும் பெருவாரியாக இருக்கின்றன. யானையை வீழ்த்திய வீரர்களின் பந்தி அல்ல இது. கிளைக்குக் கிளை கண்ணை ஓட்டத் தெரிந்தவர்களின் அன்றாடம். அடர்ந்த மழைக்காட்டில் வேளாண்மை இல்லாமல் மனிதர் நிலைத்து வாழ முடியாது என்று உலக ஆய்வாளர்கள் பலர் வாதிட்ட காலத்தில், இந்த நத்தை ஓடுகள் எதிர்ச்சாட்சி சொல்லின. கடற்சிப்பியில் செய்த மணிகளும் அங்கே கிடைத்திருக்கின்றன. கடல் எங்கே, எரத்னக் காடு எங்கே! யாரோ கொண்டுவந்து, யாரோ வாங்கி, துளையிட்டுக் கோத்து அணிந்திருக்கிறார்கள். வயிறு நிறைந்தால் போதும் என்று வாழ்ந்தவர்கள் அல்ல அவர்கள்.

அவர்களுடைய எலும்புகளை கோர்னெல் பல்கலைக்கழகத்தின் கென்னத் கென்னடி ஆராய்ந்தார். அவரும் சிரானும் சேர்ந்து 1989இல் அவற்றைப் பற்றி எழுதினார்கள். ‘பலாங்கொடை மனிதன்’ என்று தந்தை முன்பே பெயரிட்டிருந்த மக்களுக்கு, மகன் காலமும் உணவும் காடும் சேர்த்துக் கொடுத்தார்.

அநுராதபுரத்தில் சிரான் செய்த வேலையை ஒரு வரியிலாவது சொல்லாமல் விட முடியாது. பழைய உள்நகரத்தில் அவர் இறக்கிய குழிகள், அங்கே இரும்பு புழங்கும் மக்கள் கி.மு. 900 அளவிலேயே குடியிருந்ததைக் காட்டின. பிராமி எழுத்துக் கீறிய பானையோடுகளும் கிடைத்தன. அங்கும் அவர் நம்பியது பெரிய தாதுகோபங்களை அல்ல, உடைந்த ஓட்டைத்தான்.

பட்டதொம்பலெனவின் காலத்தைச் சந்தேகித்தவர்கள் இருந்தார்கள். 2005இல் தொல்லியலாளர் நிமல் பெரேரா அந்தக் குகையை மீண்டும் தோண்டினார். 2011இல் வெளியான அந்த முடிவுகள் சிரானின் எண்ணைக் குறைக்கவில்லை. மனிதர் அங்கே புழங்கிய காலத்தை அவை 36,000 ஆண்டுகளுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தன.