படபடப்புக்கு இரண்டு மாத்திரை

ஏ.ஜே. குரோனினின் 'தி சிட்டடல்' நாவலில் (1937) ஒரு இடம் வரும். வேல்ஸ் நாட்டுச் சுரங்க ஊர். எம்லின் ஹியூஸ் என்றொரு சாதுவான ஆள் திடீரென்று முரடனாக மாறிவிடுகிறான். ஊர் டாக்டர் அவனுக்குப் பைத்தியம் என்று முடிவுகட்டிவிட்டார். ஆஸ்பத்திரிக்கு அனுப்ப இன்னொரு டாக்டரின் கையெழுத்து வேண்டும், அதற்காகக் கதாநாயகன் மேன்சனைக் கூப்பிடுகிறார்கள். மேன்சன் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நோயாளியின் முகத்தைப் பார்க்கிறான். வீங்கின முகம், வறண்ட தோல். இது பைத்தியம் இல்லை, தைராய்டு சுரப்புக் குறைவு என்று பிடித்துவிடுகிறான். தைராய்டு மருந்து கொடுக்கிறார்கள். எம்லின் பழைய எம்லினாகத் திரும்பிவருகிறான்.

குரோனினே டாக்டர்தான். ட்ரெடீகர் என்ற சுரங்க ஊரில் வேலை பார்த்தவர். இந்த நாவலிலிருந்துதான் விஜய் ஆனந்த் 1971இல் 'தேரே மேரே சப்னே' எடுத்தார். எழுதியவருக்கு விஷயம் தெரியும் என்பதில் சந்தேகமில்லை. தைராய்டு குறைந்தால் மனசு கலங்கும் என்பதை ஒரு வெகுஜன நாவல், ரிச்சர்ட் ஆஷர் 1949இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 14 நோயாளிகளை வைத்து எழுதிய புகழ்பெற்ற கட்டுரைக்குப் பன்னிரண்டு வருஷம் முன்பே சொல்லிவிட்டது. அந்த அத்தியாயத்தை முதல்முறை வாசித்தபோது எனக்கும் சிலிர்த்தது.

இப்போது வாசித்தால் எரிச்சல்தான் வருகிறது. காரணம் அதன் வடிவம். ஒரு நோய், ஒரு கண்டுபிடிப்பு, ஒரு மருந்து, பிறகு கண்ணீர்விட்டு நன்றி சொல்லும் குடும்பம். ஆஷரின் 14 பேரில்கூட எல்லோரும் மீளவில்லை. நாவல் முடித்துவிடுகிற இடத்தில்தான் கோயமுத்தூர்ப் பக்கத்து வீடுகளில் கதை ஆரம்பிக்கிறது.

எங்க பெரியம்மா கதையைச் சொல்கிறேன். அன்னூர்ப் பக்கம் தோட்டத்து வீடு. தைராக்ஸின் 75 மைக்ரோகிராமிலிருந்து 100க்கு ஏற்றினார்கள். மூணு வாரம் கழித்து, "என்னமோ நெஞ்சு படபடன்னு அடிக்குது கண்ணு, ராத்திரி தூக்கமே வரமாட்டீங்குது" என்றார். வேறொரு டாக்டரிடம் போனார்கள். அல்பிரசோலம் எழுதிக்கொடுத்தார், படபடப்பு அடங்கியது. எல்லோருக்கும் நிம்மதி. ஆறு மாசம் கழித்து ரத்தம் பார்த்தால் டி.எஸ்.ஹெச். தரைமட்டத்தில் கிடக்கிறது, அதாவது உடம்பில் தைராக்ஸின் ஏகத்துக்கும் அதிகம். முதல் மாத்திரை கிளப்பிய படபடப்பை இரண்டாவது மாத்திரை போர்வை போட்டு மூடியிருந்தது. தைராக்ஸினைக் குறைப்பது ஒரே நாள் வேலை. அல்பிரசோலத்தை அப்படி நிறுத்த முடியாது. மாசக்கணக்கில் தினமும் சாப்பிட்டதைத் திடீரென்று விட்டால் பழைய படபடப்பு இரண்டு மடங்காக வரும், சிலருக்கு வலிப்பே வரலாம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து அதிலிருந்து வெளியே வர அவருக்கு இன்னும் சில மாசம் ஆனது.

இலக்கியம் பேசும் இடத்தில் எதற்கு இந்த மருந்துக்கடைப் பேச்சு என்று கேட்கலாம். எனக்கு இது முழுக்க மொழிப் பிரச்சினையாகப் படுகிறது. 'படபடப்பு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். தைராக்ஸின் கூடினால் இதயம் வேகமாக அடிக்கும், கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் போகும். அது படபடப்பு. மனப்பதற்ற நோயிலும் இதே நான்கும் உண்டு. அதுவும் படபடப்பு. சொல்லில் குறை ஒன்றும் இல்லை, உடம்பு உணர்வதை அது அச்சாகச் சொல்கிறது. ஆனால் கேட்கிறவர் எந்தத் துறை டாக்டரோ அந்தத் துறையின் அர்த்தம் அதற்கு ஏறிவிடுகிறது. கவிதையில் ஒரு சொல் இரண்டு பொருள் தந்தால் ரசிக்கிறோம். இங்கே அதே இரட்டைப் பொருளால் ஒரு பொம்பளை ஆறு மாசம் தேவையில்லாத மாத்திரை தின்றாள்.

இன்னொரு சொல் 'நரம்பு டாக்டர்'. நம்ம பக்கம் மனநல மருத்துவரை யாரும் மனநல மருத்துவர் என்று சொல்வதில்லை. நரம்பு டாக்டர், இல்லாவிட்டால் 'தூக்கத்துக்குப் பாக்கற டாக்டர்'. தைராய்டு அப்படியில்லை. கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்து உட்கார்ந்தால் "உங்களுக்கு எத்தனை பவருங்க?" என்று ஒருத்தரை ஒருத்தர் விசாரிப்பார்கள். 50, 75, 100 என்று கண்ணாடிப் பவர் மாதிரி. தைராய்டு டப்பா சாமி அலமாரிக்குப் பக்கத்தில் பகிரங்கமாக இருக்கும். மற்ற அட்டை பீரோவில், சேலைக்கு அடியில். டாக்டரிடம் பட்டியல் சொல்லும்போதும் அப்படித்தான், ஒன்று வாயில் வரும், மற்றது வராது. இரண்டு மருந்தையும் சேர்த்துப் பார்க்கும் ஆள் அந்த வீட்டிலும் இல்லை, ஆஸ்பத்திரியிலும் இல்லை.

சூசன் சோன்டாக் 1978இல், நோயை உருவகமாக்காதீர்கள் என்று வாதாடினார். சரிதான். ஆனால் நம்மூரில் நோய் உருவகமாகும் வரைக்குமே போவதில்லை, அதற்கு முன்பே இடக்கரடக்கல் ஆகிவிடுகிறது.

சேர்த்துப் பார்த்தால் தெரிகிற விஷயங்கள் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. செர்ட்ரலின் சாப்பிட ஆரம்பித்தவர்களில் சிலருக்கு அதுவரை போதுமாக இருந்த தைராக்ஸின் போதாமல் போய் டி.எஸ்.ஹெச். ஏறியது என்று 1997லேயே எழுதியிருக்கிறார்கள். அமிட்ரிப்டிலின் போன்ற பழைய ரக மாத்திரையும் தைராக்ஸினும் சேர்ந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். மேடை நடுக்கத்துக்குச் சிலர் போடும் புரோப்ரனலால் தைராய்டு கூடியதன் அறிகுறிகளையும் மறைக்கும். லித்தியம் தைராய்டு சுரப்பையே குறைத்துவிடும். சேர்த்துக் கொடுக்கவே கூடாது என்பதல்ல இதற்கு அர்த்தம், லட்சக்கணக்கானவர்கள் சேர்த்துத்தான் சாப்பிடுகிறார்கள். புதிதாக ஒன்று சேரும்போதும், ஒன்றின் அளவு மாறும்போதும் ஆறிலிருந்து எட்டு வாரத்தில் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். தைராக்ஸினின் பாதி உடம்பை விட்டுப் போகவே ஏழு நாள் ஆகும். அதனால் இன்று மாற்றியதன் பலன் அடுத்த மாசம்தான் தெரியும். அதற்குள் காரணமும் விளைவும் ஒன்றையொன்று மறந்துவிடும். மோசமான தொடர்கதை மாதிரி.

மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கிற துண்டுச்சீட்டை நான் ஒரு பிரதியாகவே வாசிக்கிறேன். அதன் ஆங்கிலமும் எறும்பு எழுத்தும் எல்லோரும் திட்டுகிற விஷயம், விட்டுவிடலாம். அது யாரை வாசகராக நினைத்து எழுதப்பட்டது என்பதுதான் என் கேள்வி. 'காலையில் வெறும் வயிற்றில், உணவுக்கு அரைமணி முதல் ஒருமணி நேரம் முன்பு.' இந்த வாசகருக்குக் காலை என்று ஒன்று இருக்கிறது, அதில் சும்மா இருக்க ஒருமணி நேரமும் இருக்கிறது. நாலரைக்கு எந்திரிச்சு மாட்டைக் கறந்து சொசைட்டிக்குப் பாலை ஊத்துகிற பொம்பளைக்கு முதல் காபி இல்லாமல் கையே நகராது, அந்தக் காபியோ தைராக்ஸின் உடம்பில் சேர்வதைக் குறைக்கும். ஸ்பின்னிங் மில்லில் நைட் ஷிஃப்ட் முடித்துவரும் பெண்ணுக்கு எது காலை? இரத்தசோகைக்குக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரைக்கும் கால்சியம் மாத்திரைக்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும். ஆனால் நடப்பில் மூன்றையும் ஒரே உள்ளங்கையில் வைத்து ஒரே மடக்கில் விழுங்குகிறார்கள். அப்போது சேர்வது குறைகிறது, டாக்டர் அளவை ஏற்றுகிறார். பிறகு யாரோ சொல்லி இரும்பு மாத்திரையை நிறுத்தினால் ஏற்றிய அளவு முழுசாக உள்ளே போகிறது. படபடப்பு. நரம்பு டாக்டர். ராத்திரிச் சாப்பாட்டுக்கு மூணு மணி நேரம் கழித்து, படுக்கப்போகும்போது போட்டாலும் தைராக்ஸின் வேலை செய்யும். டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். நான் வாசித்த துண்டுச்சீட்டுகளில் அதைக் காணோம்.

இன்னொரு பிரதியும் இருக்கிறது, மருந்துக்கடைப் பதிவேடு. 2014 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கும் ஹெச்-1 அட்டவணைப்படி, அல்பிரசோலம், டயஸெபாம் மாதிரி மருந்துகளை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் தனி நோட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். நல்ல சட்டம். ஆனால் அந்த நோட்டில் தைராக்ஸின் வராது. வீட்டில் தைராய்டு தெரியும், மற்றது தெரியாது. நோட்டில் மற்றது தெரியும், தைராய்டு தெரியாது. ஒரே பெண்ணைப் பற்றிய இரண்டு பாதிக் கதைகள்.

வில்லியம் ஸ்டைரனின் 'டார்க்னஸ் விசிபிள்' (1990) எனக்குப் பிடித்ததற்கு ஒரே காரணம், அவர் மாத்திரைகளின் பெயரைச் சொல்கிறார். தன் மனச்சோர்வைப் பற்றி எழுதும்போது அட்டிவான், ஹால்சியான் என்று பெயரோடு குறிப்பிட்டு, யோசனையில்லாமல் எழுதிக்கொடுக்கப்பட்டவை என்று சண்டை போடுகிறார். நான் வாசித்த தமிழ்க் கதைகளில் பாத்திரங்கள் பெரும்பாலும் 'ஏதோ மாத்திரை'தான் விழுங்குகிறார்கள். ஒரு செடியைத் தாவரப் பெயரோடு சொல்லாவிட்டால் எழுத்தாளனைக் கிண்டல் செய்கிற நாம், பாத்திரம் பத்து வருஷமாக விழுங்குவது என்ன என்று கேட்பதில்லை. ஆர். ஷண்முகசுந்தரம் 'நாகம்மா'ளில் (1942) இந்த மண்ணின் பேச்சை நாவலுக்குள் கொண்டுவந்து எண்பது வருஷம் தாண்டிவிட்டது. "படபடன்னு வருதுங்க" என்று இன்றைக்குச் சொல்கிற நாகம்மாள்களின் பீரோவைத் திறந்து பார்க்கும் கொங்கு நாவல் எனக்கு இன்னும் அகப்படவில்லை.

அப்படி எழுத நினைப்பவருக்கு எம்லின் ஹியூஸைவிட நல்ல மாதிரி ஒன்று இருக்கிறது. 1891இல் நியூகாஸிலில் ஜார்ஜ் மர்ரி என்ற டாக்டர், தைராய்டு குறைந்த ஒரு பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியில் ஏற்றினார். தைராய்டுக் குறைவுக்கு நடந்த முதல் சிகிச்சைகளில் ஒன்று அது. அவள் பிழைத்ததோடு அவர் பேனாவை மூடிவிடவில்லை. அந்தப் பெண் அதற்குப் பிறகு 28 வருஷம் வாழ்ந்து 1919இல் இறந்தபோது, அவள் கதையை மறுபடி எடுத்து 1920இல் கட்டுரையாக எழுதினார், அத்தனை வருஷத்தில் அவளுக்காக 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் தைராய்டு செலவானதுவரை கணக்குப் போட்டு.