முதலில் சுட்டுப் பாருங்கள்

1964-இல் சந்தைக்கு வந்த ரூகர் 10/22 துப்பாக்கியைப் பிரித்து மாற்றியமைப்பதில் அமெரிக்கர்களுக்குத் தனி ஆசை. சின்ன .22 தோட்டா, பத்துத் தோட்டாக்களை வட்டமாக அடக்கும் மேகசின், இரண்டே திருகுகளில் பிடித்து நிற்கும் குழல். யாருக்கும் கை துறுதுறுக்கும். ஆனாலும், திருப்புளியை எடுக்கும் முன் அதைச் சுட்டுப் பார்ப்பவரே என் மதிப்புக்குரியவர்.

மேஜைமீது மணல் பை, அதன்மேல் துப்பாக்கி, 50 கெஜத்தில் காகித இலக்கு. ஐந்து ஐந்தாகச் சுடுகிறார். துளைகள் எவ்வளவு நெருங்கி விழுந்தன என்று அளந்து, தோட்டாவின் பெயரோடு குறித்துக்கொள்கிறார். பிறகு வேறொரு தோட்டா. ஒரே குழல் ஒரு வகையைச் சிதறடிக்கும். இன்னொன்றை ஒரு நாணயத்துக்குள் அடக்கும். விசை கனக்கிறதா, சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு தடங்கலின்றி வெளியேறுகிறதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

இந்த முதல் கணக்கு கையில் இல்லாவிட்டால், பின்னால் செய்த மாற்றம் பலித்ததா என்று எதை வைத்துச் சொல்வது? புதுத் துப்பாக்கி வாங்கியவர்கள் முதலில் நாலைந்து வகைத் தோட்டாக்களுக்குச் செலவழியுங்கள். உதிரி பாகங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.